கோரல்ல வேலை பார்க்கும்போதே பிரிண்ட்ல எப்படி வரும்னு பார்க்க வழி இருக்கா? மலை வந்துச்சு, ரோடு காணோம்

செவ்வாய்ப்பேட்டை டிசைன்:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல சின்னதா டிசைனிங் கடை வச்சிருக்கேன். கொலுசு பெட்டிக்கு லேபிள், நகைக்கடை பை, கல்யாண பத்திரிகை, ஆடி வந்துட்டா கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நோட்டீஸு பிளக்ஸுன்னு ஓடிட்டு இருக்கு. 11 வருஷமா டிசைன் சாஃப்ட்வேர்னா கோரல்டிரா தான், இல்லஸ்டிரேட்டர் கொஞ்சம் தெரியும், அவசரத்துக்கு.

விஷயம் என்னன்னா ஏற்காட்டுல காபி தோட்டம் வச்சிருக்கவர் ஒருத்தர் கால் கிலோ பாக்கெட்டுக்கு லேபிள் கேட்டாரு, மல்டிகலர், 5000. அவரே ஐடியாவும் சொன்னாரு. கரும்பச்சையில சேர்வராயன் மலை, அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் வெள்ளைக் கோடா ரோடு, 20 கொண்டை ஊசி வளைவும் கணக்கா வரணும், உச்சியில பனி, கீழ சின்ன எழுத்துல கலெக்டர் காக்பர்ன் 1820கள்ல மலைக்கு காபி கொண்டாந்த கதை ரெண்டு வரி. நானும் உக்காந்து ரெண்டு நாள் போட்டேன், முதல்ல ரோட்டை கருப்புல போட்டேன், பச்சை மேல கருப்பு எடுக்கவே இல்ல, அப்புறம் தான் வெள்ளையா மாத்துனேன். ஸ்கிரீன்ல அப்படி ஒரு அழகு. ஜேபெக் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புனேன், அவரும் சூப்பர்னு சொல்லிட்டாரு, பிடிஎஃப் போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சு.

வந்த லேபிளைப் பார்த்தா மலை இருக்கு, பனி இருக்கு, ரோடு இல்ல. சுத்தமா இல்ல. கீழ இருந்த ரெண்டு வரியில பாதி எழுத்து அடைச்சுக்கிட்டு கெடக்கு. அவரு லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "ஏன் தம்பி, ரோடே இல்லாம என் காபி எப்படி கீழ இறங்கும்"னு கேட்டாரு, எனக்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. பிரஸ்ல கேட்டா உங்க ஃபைல்ல என்ன இருந்துச்சோ அதான் வந்திருக்குங்கறாங்க. இப்ப என் கைக்காசுல திரும்ப அடிச்சுக் குடுக்கணும்.

கேள்வி இதான். வேலை பார்க்கும்போதே கடைசியா பேப்பர்ல என்ன வரும்னு காட்டுற மாதிரி ஏதாவது வியூ இருக்கா? எஃப்9 அடிச்சுப் பார்த்தேன், அது டூல்பாரை மறைச்சு பெருசா காட்டுது, வேற ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, பேஜுக்கு வெளிய நான் போட்டு வச்சிருக்க குப்பை, கைடு கோடு எல்லாம் தெரியாம கட்டிங் சைஸ்ல மட்டும் பார்த்துக்கிட்டே வேலை செய்ய முடியுமா? பிரிண்ட் பிரிவியூவுக்குள்ள போய் போய் வர்றது எரிச்சலா இருக்கு.


பழைய பிளேட்டுக்காரன்:

தம்பி, ரோடு எங்கயும் போகல, பச்சைக்கு அடியில கெடக்கு. கருப்புல போட்டு அப்புறம் வெள்ளையா மாத்துனேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் கதையே. கருப்பா இருக்கும்போது எப்பவோ அந்த கோட்டுக்கு ஓவர்பிரிண்ட் அவுட்லைன் டிக் ஆகியிருக்கும், நீங்க போட்டிருக்கலாம், இல்ல பழைய பத்திரிகை ஃபைல்ல இருந்து காப்பி பண்ணி எடுத்த கோடா இருக்கலாம். கருப்புக்கு ஓவர்பிரிண்ட் நல்லது, அடியில இருக்க கலர் மேலயே கருப்பு மை ஏறும், ரிஜிஸ்டர், அதாவது ஒரு மை மேல இன்னொரு மை சரியா உக்கார்றது, கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்துல வெள்ளை தெரியாது. கலரை வெள்ளையா மாத்துனீங்க, டிக் அப்படியே இருந்துருச்சு. வெள்ளைன்னு ஒரு மை மிஷின்ல இல்லையே. வெள்ளை வரணும்னா பச்சையில அந்த இடத்தை ஓட்டையா விடணும், ஓவர்பிரிண்ட்னா ஓட்டை விடாதேன்னு அர்த்தம். அப்ப மேல ஒண்ணும் இல்லாத மையை அடிச்சு, அடியில முழுப்பச்சை. அவ்ளோதான்.

ஸ்கிரீன்ல ஏன் தெரியலன்னா சாதாரண வியூவுல கோரல் ஓவர்பிரிண்ட்டைக் கண்டுக்காது. வியூ மெனுவுல சிமுலேட் ஓவர்பிரிண்ட்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதைத் தட்டுங்க, ரோடு உங்க கண்ணு முன்னாடியே மறையும். இல்லஸ்டிரேட்டர்ல இதுக்கு ஓவர்பிரிண்ட் பிரிவியூன்னு பேரு, ஆல்ட் ஷிப்ட் கன்ட்ரோல் ஒய். கடைக்கு வர்ற பசங்களுக்கு வெறும் கன்ட்ரோல் ஒய் மட்டும்தான் தெரியுது, அது அவுட்லைன் காட்டுறதோட சரி. அது பக்கத்துலயே வின்டோ மெனுவுல செப்பரேஷன்ஸ் பிரிவியூ பேனல் இருக்கு, அதைத் திறந்து சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஒவ்வொண்ணா கண்ணை மூடி மூடிப் பாருங்க. கோரல்ல பிரிண்ட் டயலாக்ல செப்பரேஷன் போட்டுட்டு பிரிவியூ போனா ஒவ்வொரு மையோட பிளேட்டும் தனித்தனி பக்கமா வரும். நாங்க பொசிட்டிவ் காலத்துல நாலு பிலிமையும் லைட் டேபிள்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சு லென்ஸை கண்ணுல சொருகிக்கிட்டு இதைத்தான் பார்ப்போம், ராத்திரி 2 மணிக்கு கண்ணெரிச்சலோட. சிடிபி வந்ததுக்கு அப்புறம் பிலிமும் இல்ல பார்க்கற ஆளும் இல்ல, ஃபைல் நேரா பிளேட்டுக்குப் போகுது.

அதுக்காக ஓவர்பிரிண்ட்டை எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சுராதீங்க. ரோட்டுக் கோடு என்ன கனம்? ஹேர்லைன்னு மயிரிழை கனத்துல வச்சிருந்தீங்கன்னா இன்னொரு அடி காத்திருக்கு. ஸ்கிரீன்ல ஒரு பிக்சலுக்கு கீழ மெலிசா கோடு போட முடியாது, 96 டிபிஐ கணக்குல ஒரு பிக்சலே 0.26 எம்எம். நீங்க கால் பாயின்ட் கோடு போட்டா அது 0.09 எம்எம் கூட வராது, ஆனா ஸ்கிரீன்ல அதுவும் ஒரு பிக்சல் கோடா பளிச்சுன்னு தெரியும். பேப்பர்ல? உங்க கரும்பச்சையில சியான், மஞ்சள், கொஞ்சம் கருப்புன்னு மூணு பிளேட்டாவது இருக்கும். மூணுலயும் அந்த மெல்லிசு ஓட்டை ஒரே எடத்துல உக்காரணும். மிஷின்ல 0.1 எம்எம் நகர்ந்தா போதும், ஒரு பிளேட்டோட ஓட்டையை இன்னொரு பிளேட்டோட மை அடைச்சுரும். உங்க ரெண்டு வரி கதை அடைச்சுக்கிட்டதும் இதே கதை தான், கலருக்கு நடுவுல வெள்ளையா விடற ரிவர்ஸ் எழுத்து, அதுவும் தமிழ், ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள சந்து எல்லாம் மையிலயே நெறஞ்சுரும். கோட்டை அரை பாயின்ட்டுக்கு கீழ விடாதீங்க, நான்னா 0.75 வைப்பேன். எழுத்தை 7 பாயின்ட்டுக்கு மேல, கொஞ்சம் தடிச்ச ஃபான்ட்ல. இல்ல, அந்த எழுத்துக்கு அடியில இருக்க பச்சையை ஒரே மையில போடுங்க, தொல்லை விட்டுச்சு.

பிரஸ்காரங்களை திட்டறதுல அர்த்தமில்ல. ஆனா மலை மேல வெள்ளைக்கோடு இல்லன்னு அவங்களும் ஒரு போன் போட்டிருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேணும்.


செவ்வாய்ப்பேட்டை டிசைன்:

அண்ணா கும்புட்டுக்கறேன். சிமுலேட் ஓவர்பிரிண்ட்ஸ் தட்டுன உடனே ரோடு போச்சு. 11 வருஷமா அந்த மெனுவை தெனம் பார்க்கறேன், ஒரு நாளும் தட்டுனதில்ல. கோட்டு மேல ரைட் கிளிக் பண்ணா ஓவர்பிரிண்ட் அவுட்லைன்ல டிக். நீங்க சொன்ன மாதிரியே பழைய பத்திரிகை ஃபைல்ல இருந்து எடுத்த கோடுதான் அது, கொடிப் பூ டிசைன்ல இருந்தது. கனம் ஹேர்லைன். வெக்கமா இருக்கு.

கட்டிங் சைஸ் கேள்விக்கு யாராச்சும் சொல்லுங்க.


அஸ்தம்பட்டி டிடிபி:

கட்டிங் சைஸுக்கு இல்லஸ்டிரேட்டர்னா வியூவுல டிரிம் வியூ, 2019 வெர்ஷன்ல இருந்து இருக்கு. தட்டுனா ஆர்ட்போர்டுக்கு வெளிய இருக்கறது எல்லாம் மறைஞ்சுரும், கைடும் மறையும், அப்படியே வேலையும் பார்க்கலாம். கோரல்ல எனக்குத் தெரிஞ்சு பழைய வைத்தியம் தான். மேல புதுசா ஒரு லேயர், அதுல பெரிய வெள்ளை பிரேம், நடுவுல கட்டிங் சைஸுக்கு ஓட்டை, லேயரை லாக் பண்ணிட்டு பிரிண்டர் ஐகானை ஆஃப் பண்ணிருங்க. கண்ணுக்கு கட்டிங்குக்கு உள்ள இருக்கறது மட்டும் தெரியும், பிரிண்ட்லயோ பிடிஎஃப்லயோ பிரேம் வராது. வேண்டாம்னா லேயர் கண்ணை மூடிட்டா பிளீட், அதான் கட்டிங்குக்கு வெளிய நீட்டி விடற ஓரம், தெரியும். நான் விசிட்டிங் கார்டு, இன்விடேஷன்னு ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு டெம்ப்ளேட்டே வச்சிருக்கேன்.

சில பேரு எல்லாத்தையும் கட்டிங் சைஸ் செவ்வகத்துக்குள்ள பவர்கிளிப் பண்ணி வெளிய நீட்டுறதை மறைச்சுடுவாங்க, பார்க்க நல்லாதான் இருக்கும், ஆனா பிளீட் 3 எம்எம் போயிரும், கத்தி ஒரு நூல் நகர்ந்தா ஓரத்துல வெள்ளை. அதுக்கு பிரேமே மேல்.

அப்புறம் பழைய பிளேட்டுக்காரர் சொல்லாம விட்டது ஒண்ணு, கருப்பு. இல்லஸ்டிரேட்டர் போட்ட உடனே இருக்கற செட்டிங்ல கே 100, அதாவது கருப்பு மை மட்டும் போட்ட கருப்பையும் ஸ்கிரீன்ல நல்ல கரும் கருப்பாத்தான் காட்டும். பிரிஃபரன்சஸ்ல அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்னு இருக்கு, அதுல எல்லா கருப்பையும் சரியா காட்டுன்னு மாத்துனா தான் வெறும் கே கருப்பு சாம்பல் அடிச்ச மாதிரி தெரியும், நாலு மை கலந்த கருப்புக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியும். ஒரு துணிக்கடை பைக்கு பின்னணி முழுக்க கே 100 குடுத்துட்டு சிலேட்டு மாதிரி வந்து நான் பட்ட பாடு இருக்கே, அது தனிக்கதை.


செவ்வாய்ப்பேட்டை டிசைன்:

பிரேம் ஐடியா அருமைங்க, இப்பவே பண்ணிட்டேன். நெத்தியில இருந்த குப்பை எல்லாம் போன மாதிரி இருக்கு.


பனிமூட்டம்:

நான் ஏற்காடு, காலேஜ் முடிச்சுட்டு வீட்ல இருந்தே டிசைன் பண்றேன். கோரலும் இல்ல அடோபியும் இல்ல, காசு இல்ல, இங்க்ஸ்கேப் தான். இதுல ஓவர்பிரிண்ட் பிரச்சனையே இல்ல, ஏன்னா ஓவர்பிரிண்ட்டே இல்ல ஹாஹா. ஆனா வேலை பார்த்துக்கிட்டே பார்க்கற விஷயத்துல இது எனக்குப் புடிக்கும். வியூவுல டூப்ளிகேட் வின்டோ குடுத்தா ஒரே ஃபைல் ரெண்டு வின்டோவுல வரும், ஒண்ணுல அவுட்லைன் வச்சு நோண்டுவேன், இன்னொண்ணுல முழுசா, பெருசு பண்ணாம, அது பாட்டுக்கு மாறிக்கிட்டே இருக்கும். இல்லஸ்டிரேட்டர்லயும் நியூ வின்டோன்னு இது இருக்குன்னு ஃபிரண்ட் சொன்னான். 2020ல வந்த 1.0 வெர்ஷன்ல ஸ்பிளிட் வியூ, எக்ஸ்ரே ரெண்டும் சேர்த்தாங்க, எக்ஸ்ரேல மவுஸ் போற எடத்துல மட்டும் வட்டமா உள்ள இருக்க கோடு தெரியும், சும்மா வெளையாடிக்கிட்டே இருக்கலாம். விசிபிள் ஹேர்லைன்ஸ்னு ஒரு மோடும் இருக்கு, அது எவ்ளோ மெலிசு கோடா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியற மாதிரி காட்டும். அது பிரிண்ட்டுக்கு இல்ல, தேடறதுக்கு. அண்ணனுக்கு நடந்த மாதிரி ஆகணும்னா அந்த மோடுல வேலை பார்த்தா போதும்.

என் அடி வேற எடத்துல. மே மாசம் மலர் கண்காட்சி சமயத்துல டூரிஸ்ட்டுங்களுக்கு விக்க போஸ்ட்கார்டு போட்டேன், ஏரி, அதுமேல பனி. பனிக்கு பிளர் போட்டேன். ஸ்கிரீன்ல நெஜமாவே காலைல 6 மணிக்கு ஏரிக்கரையில நிக்கற மாதிரி இருந்துச்சு. அடிச்சு வந்தா பனி கட்டம் கட்டமா, மொசைக் தரை மாதிரி. பிளர் எல்லாம் வெக்டர் கெடையாது, பிடிஎஃப் எடுக்கும்போது அதை படமா மாத்தும், அந்த டயலாக்ல ராஸ்டரைசேஷன் ரெசல்யூஷன் 96னு இருந்துச்சு, நான் பார்க்கவே இல்ல. 300 வச்சு எடுத்ததுக்கு அப்புறம் சரியாச்சு. அண்ணா உங்க லேபிள்லயும் பனி இருக்கே, எப்படி போட்டீங்க?


பழைய பிளேட்டுக்காரன்:

இந்தப் பாப்பாவோ தம்பியோ நல்லா கேட்டுச்சு. இல்லஸ்டிரேட்டர்லயும் இதே தான், எஃபெக்ட் மெனுவுல டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ், அதுல 72ல கெடந்தா நிழலு பனி எல்லாம் பொரிபொரியா வரும். பிளக்ஸ்னா பரவாயில்ல, 20 அடி தள்ளி நின்னு பார்க்கறது. கையில புடிச்சுப் பார்க்கற லேபிளுக்கு 300.

இங்க்ஸ்கேப்ல இன்னொண்ணும் மறந்துராதீங்க, அது ஆர்ஜிபி, ஸ்கிரீன் வெளிச்சத்துக்கான கலர். அங்க தெரியற கிளிப்பச்சை நாலு மையில வராது. பிரஸ்ல மாத்தும்போது மங்கித்தான் வரும், அப்புறம் பிரிண்டர் சரியில்லன்னு சொல்லாதீங்க.


பனிமூட்டம்:

பாப்பா தான் ஐயா 🙂 ஆமா, அதுக்குத்தான் வரைஞ்சதை ஸ்கிரைபஸ்ல இழுத்துப் போட்டு கலரை சிஎம்ஒய்கே, அதான் நாலு மை கலர், ஆக்கிட்டு அங்க பிரிண்ட் பிரிவியூ பார்ப்பேன், அதுல நாலு மையையும் தனித்தனியா ஆஃப் பண்ணிப் பார்க்கலாம். அதுவும் ஓசி தான்.


லாரி ஸ்டிக்கர்:

நீங்கல்லாம் மையைப் பத்திப் பேசறீங்க, எங்களுக்கு மையே இல்ல, கத்தி. கொண்டலாம்பட்டி பக்கம் ஸ்டிக்கர் கட்டிங். சங்ககிரி லாரிங்க முன்கண்ணாடியில சாமி பேரு, புள்ளைங்க பேரு, பின்னாடி கவிதை, இதான் பொழப்பு. எங்களுக்கு கலரா அழகா தெரியற வியூ தான் பொய், வெறும் கோடு மட்டும் காட்டுற வயர்ஃபிரேம் தான் நெஜம், ஏன்னா பிளாட்டர் கலரைப் பார்க்காது, கோடு எங்க போகுதோ அங்க கத்தி போகும். தமிழ்ல இது பெரிய தொல்லை, நெறைய ஃபான்ட்ல கொம்பும் சுழியும் எழுத்து மேல ஏறி உக்காந்திருக்கும். "மி" போட்டா அந்த சுழி மகரத்துக்குள்ள கொஞ்சம் நுழைஞ்சிருக்கும், கலர் வியூவுல ஒண்ணாத் தெரியும், வெட்டுனா சுழி தனியா கழண்டு கையோட வரும். வயர்ஃபிரேம்ல பார்த்துட்டு வெல்டு பண்ணி ஒரே வடிவமா ஆக்கிட்டுத்தான் அனுப்பணும். ஒரே எழுத்து ரெண்டு தடவை ஒண்ணு மேல ஒண்ணு கெடந்தாலும் ரெண்டு தடவை வெட்டி பின்னாடி இருக்க பேப்பரையும் கிழிச்சுரும், அதை வயர்ஃபிரேம்லயும் கண்டுபுடிக்க முடியாது, எழுத்தை லேசா நகர்த்திப் பார்த்தா தான் அடியில இன்னொண்ணு இருக்கறது தெரியும்.


அஸ்தம்பட்டி டிடிபி:

தமிழ்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. பழைய கோரல்ல யூனிகோட் தமிழ் டைப் பண்ணா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு நிக்கும், எக்ஸ்6ல தான் ஓப்பன்டைப் ஒழுங்கா வந்துச்சு, 2012னு நெனைக்கறேன். இன்னும் நம்ம ஊர்ல பாதி கடை அதுக்கு முந்துன வெர்ஷன்லயே பழைய ஃபான்ட் என்கோடிங்ல ஓட்டுது. இல்லஸ்டிரேட்டர்லயும் தெற்காசிய கம்போசரை தேர்ந்தெடுக்கலன்னா "கொ" ஒடைஞ்சுரும். எது எப்படியோ, கன்ட்ரோல் கியூ அடிச்சு எழுத்தை கர்வ், அதாவது வெறும் வடிவமா ஆக்குனதுக்கு அப்புறம் ஒரு தடவை முழுசா படிங்க. கர்வ் ஆக்கறதுக்கு முன்னாடி படிச்சதெல்லாம் செல்லாது. பத்திரிகையில மாப்பிள்ளை பேரு ஒடைஞ்சு வந்து நான் மண்டபத்துக்கே ஓடியிருக்கேன்.


செவ்வாய்ப்பேட்டை டிசைன்:

எல்லாருக்கும் நன்றிங்க. ராத்திரி உக்காந்து எல்லாம் சரி பண்ணேன். ஓவர்பிரிண்ட் எடுத்தாச்சு, ரோடு 0.75 பாயின்ட், கதை ரெண்டு வரியை 7.5 ஆக்கி அடியில கருப்பு மை மட்டும் போட்டு பட்டை குடுத்துட்டேன். பனியை 300ல படமா மாத்திட்டேன் தங்கச்சி, நீ கேட்டதுனால தான் பார்த்தேன், அதுவும் 96ல தான் இருந்துச்சு.

ஒரு சந்தேகம் மட்டும். பிடிஎஃப் எடுத்துப் பார்த்தா பனி இருக்க எடத்துல ரெண்டு மூணு மெல்லிசு வெள்ளைக்கோடு குறுக்க ஓடுது. சூம் பண்ணா எடம் மாறுது. இதுவும் பிரிண்ட்ல வருமா? மறுபடியும் 5000 போச்சுன்னா கடையை சாத்திட்டு ஏற்காட்டுக்கு காபி பறிக்கத்தான் போகணும்.


பழைய பிளேட்டுக்காரன்:

பயப்படாதீங்க. சூம் பண்ணா நகருதுன்னா அது ஸ்கிரீன் கோடு. டிரான்ஸ்பரன்சியை உடைச்சு துண்டு துண்டா ஆக்கும்போது துண்டுங்க சேர்ற எடத்துல ஸ்கிரீன் ஓரத்தை மெழுகறதுனால தெரியறது. அக்ரோபாட் பிரிஃபரன்சஸ்ல பேஜ் டிஸ்பிளேல ஸ்மூத் லைன் ஆர்ட்டை எடுத்துவிட்டுப் பாருங்க, கோடு போச்சுன்னா பிளேட்ல வராது. சூம் பண்ணப் பண்ண அதுவும் கூடவே தடிச்சா தான் நெஜக்கோடு.

அதே பேஜ் டிஸ்பிளேல யூஸ் ஓவர்பிரிண்ட் பிரிவியூன்னு இருக்கும், அதை எப்பவும்னு வச்சுருங்க. ஓசி ரீடர்லயே இருக்கு. அக்ரோபாட் புரோ இருந்தா அவுட்புட் பிரிவியூ திறந்து மவுஸை ரோட்டு மேல வைங்க, சியான் மஞ்சள் கருப்பு எல்லாம் 0 காட்டணும். நான் கோரல்ல தெரியறதை விட பிடிஎஃப்ல தெரியறதைத்தான் நம்புவேன், பிரஸ்ஸுக்குப் போறது கோரல் ஃபைல் இல்லையே. முடிஞ்சா லேசர் பிரிண்டர்ல அதே சைஸ்ல, ஃபிட் டு பேஜ் இல்லாம, ஒண்ணு எடுத்து வெட்டி பாக்கெட்ல ஒட்டி தோட்டக்காரர் கையில குடுத்துருங்க. வாட்ஸ்அப் ஜேபெக்ல ஓகே வாங்காதீங்க, ஃபோன்ல விரிச்சு விரிச்சு பார்த்துட்டு ஓகேன்னுவாங்க, எழுத்து சைஸ் தெரியாது.


செவ்வாய்ப்பேட்டை டிசைன்:

ஸ்மூத் எடுத்தா கோடு போயிருச்சுண்ணா. ரோட்டு மேல மூணும் 0. இப்பதான் மூச்சு வந்துச்சு. ஒரு பிரிண்ட் எடுத்து பாக்கெட்ல ஒட்டி படம் போட்டிருக்கேன், பாருங்க. நாளைக்குக் காலைல பிளேட்டுக்கு அனுப்பறேன்.


பனிமூட்டம்:

அண்ணா படம் சூப்பர், ரோடு நல்லா தெரியுது. ஆனா நான் அடிக்கடி பஸ்ல கீழ வந்து மேல போறவ, பழக்கத்துல எண்ணிட்டேன். மூணு தடவை எண்ணுனேன். வளைவு 19 தான் வருது.


செவ்வாய்ப்பேட்டை டிசைன்:

அய்யோ. இரு வர்றேன்.